ரெண்டு கதவு வண்டிக்காரி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, வார லீவு கிடையாது, ஆனால் மேலதிகாரிகள் மட்டும் ஊர் பூராவும் இருப்பார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தத் தொழிலைப் பார்க்கும் ஒரே பெண், எனக்குத் தெரிந்தவரை, நான்தான். சம்பளம் வாங்கும் தொழில் வேறு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியன். வண்டி ஜப்பானில் செய்தது. ரெண்டே கதவு. உயரம் என் இடுப்புக்கு மேல் ஒரு சாண். பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. அவருக்கு முதுகுவலி வந்ததும் வண்டி என்னிடம் வந்தது. புதுச் சின்னக் கார் விலையில் பாதிகூட இல்லை. இன்ஜின் முன்னால் இருந்தாலும் சுழல்வது பின் சக்கரம். மற்ற கார்கள் நம்மை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இது பின்னாலிருந்து முதுகில் கைவைத்து, 'போ, போய் வா' என்று தள்ளும். நாற்பத்திமூன்று வயதில் என்னை அப்படித் தள்ளிவிட எனக்கு வேறு யாரும் இல்லை.

இந்த வருஷம் அதன் ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம். போடாவிட்டால் காயலான் கடை. வீட்டில் சண்டை முற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வாயை விட்டுவிட்டேன். "முதல் தடவையிலேயே பாஸ் ஆகலேன்னா நானே வித்துடறேன். நீங்க ஏழு பேர் போற வண்டி வாங்கிக்குங்க" என்றேன். சொல்லி முடித்ததும் எல்லார் முகத்திலும் வெளிச்சம். பழைய வண்டி வைத்துக்கொண்டு வீட்டாரிடம் பேச்சு வாங்கும் சகோதர சகோதரிகளே, கோபத்தில் மட்டும் தேதி குறிக்காதீர்கள்.

பின் சீட்டு

வண்டி வந்த முதல் வாரம் என் கணவரின் அண்ணன் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பார்க்க வந்தார். கரும்பு போடுகிறவர். குடும்பத்தில் எது வாங்கினாலும் அவர் ஒருமுறை சுற்றிவந்து தட்டிப் பார்த்தால்தான் வாங்கியதாகக் கணக்கு. தட்டிப் பார்த்தார். முன் சீட்டை மடக்கச் சொல்லிப் பின்னால் ஏறினார். எனக்கு விவரம் தெரியும், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முழங்கால் ரெண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க ஒரு ரவுண்டு போய் வந்தோம். இறங்கும்போதுதான் வினை. நானும் என் கணவர் ஞானசேகரனும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்ததில் அவருடைய வேட்டி மட்டும் முதலில் வெளியே வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டுக்காகவேதான் இந்த வண்டியை வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் என் மடியில் யாருடைய குழந்தையாவது இருக்கும், காலுக்கு நடுவில் சாம்பார் தூக்கு இருக்கும், தோளில் யாராவது தூங்குவார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால், 'இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு' என்று சொல்ல முடியாத ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. இதை அவரிடம் சொல்ல முடியுமா? அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா இது, சொந்தக்காரன் ஒக்கார முடியாதபடிக்கே அளவெடுத்து செஞ்சிக்கினு வந்தா மாதிரி இருக்குது?"

ஸ்பீடு பிரேக்கர்

எங்கள் பிளாக்கிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் நான்கு ஸ்பீடு பிரேக்கர். நேராக ஏறினால் வண்டியின் வயிறு உரசும். அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் கூசும். அதனால் ரோட்டின் இடது ஓரம் போய், வலது பக்கம் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாகக் குறுக்கே ஏற்றி இறக்குவேன். வருகிறவர்கள் எல்லாம் நான் யாருடைய வீட்டையோ தேடுகிறேன் என்று நினைத்து வழி சொல்ல நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் என் பின்னாலேயே வந்தது. நான் முதல் பிரேக்கரைக் குறுக்கே கடந்தேன். அவர் காத்திருந்தார். இரண்டாவதையும் கடந்தேன். காத்திருந்தார். மூன்றாவதில் ஹாரன் அடித்தார். நான் அவசரப்படவில்லை, ஹாரனுக்குப் பயந்தால் என் சைலன்ஸருக்கு யார் பதில் சொல்வது? நான்காவதையும் என் இஷ்டப்படியே கடந்து ஓரம் கட்டியதும் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டி, மேலேயிருந்து கீழே என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், நீங்க இதத் தாண்டறீங்களா, பிரதட்சணம் பண்றீங்களா?"

களிமண்

மழைக்காலத்தில் சுரங்கத்து ரோட்டில் லாரி டயர்கள் கொண்டுவந்து கொட்டும் களிமண் இருக்கிறதே, அதைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்கு: சோப்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருக்கும். முன் சக்கர வண்டிக்காரர்கள் முனகிக்கொண்டாவது போய்விடுவார்கள். என் வண்டிக்குப் பின்பக்கம் எடை குறைவு. மேட்டில் நிறுத்திக் கிளப்பினால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி மெல்ல வால் பக்கமாகத் திரும்பி வந்த வழியையே பார்க்கும்.

அன்று இரண்டாம் ஷிப்ட் ஆரம்பிக்க இன்னும் பதினைந்து நிமிஷம். மேட்டில் மாட்டிக்கொண்டேன். சைக்கிளில் வந்த என் செக்ஷன் ஆட்கள் இரண்டு பேர் தள்ள வந்தார்கள். "தள்ள வேண்டாம், டிக்கி மேல உட்காருங்க" என்றேன். முதலில் நம்பவில்லை. மாதவன் எண்பத்தைந்து கிலோ, இன்னொருவர் எழுபது. குடையோடு ஏறி உட்கார்ந்தார்கள். மெல்ல கிளட்சை விட்டேன். சக்கரம் மண்ணைக் கவ்வியது, வண்டி மேட்டில் ஏறியது, எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது. அன்று முதல் மழைக்காலம் பூராவும் டிக்கியில் மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் பத்து வைத்திருக்கிறேன். இறங்கிய மாதவன் பேன்ட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல என் வெயிட்டுக்கு ஒரு மரியாதை கெடச்சது இன்னிக்குத்தான்."

பெல்ட் ரப்பர்

இன்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. புதுசு கிடைக்காது. சென்னையில் புதுப்பேட்டையில் தேடியாகிவிட்டது. மந்தாரக்குப்பத்தில் என் மெக்கானிக் கலியபெருமாள் கையை விரித்தார். "இந்த நாட்டுலயே கெடைக்காதுங்க. இதுக்கு மேல சாமி கிட்டதான் கேக்கணும்" என்றார். நான் சாமியிடம் கேட்கவில்லை. பழைய கன்வேயர் பெல்ட்டை ஏலத்தில் எடுத்து மாட்டுக் கொட்டகைத் தரையில் விரிக்க விற்கிற கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கிவந்தேன். இருபது வருஷமாக நான் அறுத்து, ஒட்டி, சூட்டில் வேகவைத்து இணைத்த சமாசாரம்தானே.

இங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. பெல்ட்டில் இரண்டு வகை: உள்ளே துணி வைத்தது, உள்ளே இரும்புக் கம்பி வைத்தது. கம்பி வைத்ததுதான் அறுந்துபோகாது, கனமான சரக்கைத் தாங்கும். எங்களுக்கு அறுந்துபோகாதது எதுவோ அதுதான் உயர்ந்தது. அதையே வெட்டி மாட்டினேன். கிளப்பினதும் ஸ்டியரிங், கண்ணாடி, என் தாடை எல்லாம் ஒன்றாக நடுங்கின. வண்டிக்கு வேண்டியது தாங்குகிற ரப்பர் இல்லை, கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற ரப்பர் என்று அப்போதுதான் உறைத்தது. கழற்றி, துணி வைத்ததில் நான்கு அடுக்கு வெட்டி மாட்டினேன். மூன்று வருஷமாக அசையவில்லை. கலியபெருமாள் இன்ஜின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் கிளப்பிப் பார்த்தார். தண்ணீர் சிந்தவில்லை. டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே வண்டி ரிப்பேருன்னு எங்கிட்ட வராதீங்க, நான்தான் ஒங்க கிட்ட வேலைக்கி வரணும்."

மாப்பிள்ளை அழைப்பு

நெல்லிக்குப்பத்தில் என் நாத்தனார் மகன் கல்யாணம். வருஷம் முழுவதும் என் வண்டியைத் திட்டிய குடும்பம், மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் அதைக் கேட்டது. சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு: ஓட்டுவது நான்தான். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையை மடித்து உள்ளே வைத்தோம். ஆள் உயர மாலை கண்ணாடி வரைக்கும் எழுந்து நின்றது. எனக்கு ரோடு தெரியவில்லை, அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஊர்வலம் கடைத்தெருவுக்கு வந்தது. ஜனங்கள் வண்டியைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பையன்கள் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வந்து, குனிந்து, இன்னும் குனிந்து, "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார்கள். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருந்தான். பேண்டு செட்டுக்காரர் வாத்தியத்தை நிறுத்திவிட்டு என் ஜன்னலுக்கு வந்து சமாதானம் பேசினார்: "மாப்பிளய எறக்கி நடக்க வுடுங்கம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க அவரப் பாக்கட்டும், ஊருக்காரங்க வண்டியப் பாக்கட்டும்."

சிவப்பு அட்டை

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பின் சக்கரப் பிரேக்கில் எண்ணெய் கசிந்தது. கழற்றிப் போட்டேன். சென்னையிலிருந்து பார்சலில் ரப்பர் செட் வர வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவாக இருக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன்.

சுரங்கத்தில் எந்த இயந்திரத்தில் வேலை செய்தாலும் அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவோம். 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதே' என்று எழுதி, கீழே பெயரும் டோக்கன் நம்பரும் இருக்கும். மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. பயிற்சியின் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கைப்பழக்கத்தில் அப்படி ஒரு அட்டை எழுதி என் கார் ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

அன்று காலை என் கணவரின் அண்ணன் ஒரு காயலான் கடைக்காரரோடு வந்திருக்கிறார். "எப்படியும் பாஸ் ஆவாது, இப்பவே ரேட்டு பேசி வச்சிக்கலாம்" என்று சொல்லி, அடிப்பக்கம் பார்க்க வண்டியை ரோட்டுக்குத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார். ஞானசேகரனும் சாவியோடு கிளம்பியிருக்கிறார். இரண்டு மணிக்கு நான் வீடு வந்ததும் இதை அவரே சொன்னார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாக்குக் கொடுத்தது நான். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் என் முதுகுக்குப் பின்னால் விலை பேச ஆள் வந்திருக்கிறான். தள்ளியிருந்தால் பிரேக் இல்லாத வண்டி எதிர் வீட்டு வேலியில் போய் நின்றிருக்கும். அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவர் சாவியை எடுத்தாரே, அதுதான் வலித்தது.

"அப்புறம் ஏன் தள்ளல?" என்று கேட்டேன். ஞானசேகரனும் கம்பெனிக்காரர்தான், கன்வேயர் ஆபரேட்டர், இருபத்திரண்டு வருஷம் பெர்மனென்ட். கதவைத் திறந்திருக்கிறார். அட்டையைப் பார்த்திருக்கிறார். அண்ணன் கத்தியிருக்கிறார், கடைக்காரர் சிரித்திருக்கிறார். இவர் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அட்டையில உன் பேரு இருக்கு ஜெயந்தி. அத எடுக்க எனக்குக் கை வரல."

இன்னொரு அட்டை

பார்சல் வந்தது. கலியபெருமாளும் நானும் பிரேக்கை மாட்டி, அதன் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, ஓட்டிப் பார்த்தோம். சுத்தம். என் அட்டையை நானே எடுத்தேன். மறுநாள் பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ். நான் லீவு போட்டிருந்தேன், ஞானசேகரன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். எட்டரை மணிக்குப் புடவையை மாற்றி, ஃபைலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டை. 'இயக்காதே. கா. ஞானசேகரன்.' கீழே அவருடைய டோக்கன் நம்பர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய போன் அணைந்திருந்தது. ஷிப்ட் ஆபீசுக்குப் போட்டேன். எடுத்தவர் மாதவன். "அவர் ஒரு அட்டை மாட்டிட்டுப் போயிட்டாரு, வந்து எடுக்கச் சொல்லுங்க" என்றேன். "எந்த மெஷின்?" என்று கேட்டார். "என் கார்" என்றேன். "நீங்களே எடுத்துடலாமே மேடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

எடுக்கலாம்தான். நூலில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு வினாடி வேலை. நேரமானால் வண்டி போச்சு, வாக்குப்படி நானே விற்க வேண்டும். கைகூட நீட்டினேன். ஆனால் அண்ணன் கத்த, கடைக்காரன் சிரிக்க, அவர் என் அட்டையைத் தொடவில்லை. அவருடையதை நான் தொடுவதா? வண்டியே போனாலும் சரி, தொட மாட்டேன் என்று வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு அவர் ஓடி வந்தார். மாதவன் தகவல் சொன்னதும் அவுட் பாஸ் வாங்கி, பஸ் பிடித்து, ஹெல்மெட்டும் பூட்ஸும் முகமெல்லாம் நிலக்கரித் தூசுமாக வந்திருந்தார். நான் லீவு போட்டது நாளைக்கு, இன்று வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போவேன் என்று தப்பாக நினைத்துவிட்டாராம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும்போது கடைக்காரரோடு மறுபடி வருவதாக அண்ணன் போன் செய்திருக்கிறார். அதற்காகத்தான் அந்த அட்டை. "எங்க அண்ணனுக்கு என்னால எதிர்த்துப் பேச வராது. அட்டை மாட்டத்தான் வரும்" என்றார். "சீக்கிரம் எடுங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன். எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். அன்று மட்டும் எந்த ஸ்பீடு பிரேக்கரையும் நான் குறுக்கே கடக்கவில்லை.

ஆபீஸ் மைதானத்தில் டிராக்டர், டிப்பர், ஸ்கூல் வேன் என்று பெரிய வரிசை. எங்கள் பெயரை ஒருமுறை கூப்பிட்டுத் தாண்டிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் நின்றோம். பன்னிரண்டு மணிக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். குனிந்து அடியில் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். மைதானத்தின் அந்தக் கோடிவரை போய், திரும்பி வேகமாக வந்து, எங்களுக்குப் பத்தடி முன்னால் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. புழுதி அடங்கும்வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இறங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

ஃபைலை நீட்டும்போது என்னைத் தாண்டி, யூனிஃபார்மில் நின்ற என் கணவரிடம் நீட்டி, "நல்லா வச்சிருக்கீங்க சார், வண்டி எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஞானசேகரன் அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மூன்று டிராக்டர்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டி அவங்களுது சார். நான் கூட வந்திருக்கேன்."

ஆக, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஊர் முழுக்க என்னைத் திட்டிக்கொள்ளலாம், நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிக்கொள்கிறேன்.